வரவு செலவு: ஒரே பில், நாலு தலைப்பு

ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்ற ‘கணக்கக்கா’, வாசகர்களின் வீட்டுக் கணக்குச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன: ஒரே பில்லாக வாங்கியதை நோட்டில் எப்படிப் பிரித்து எழுதுவது?

கேள்வி: அக்கா, மாதச் சாமான் எல்லாம் ஒரே கடையில்தான் வாங்குகிறோம். என் வீட்டுக்காரர் பில்லின் கடைசி வரியைப் பார்த்து ‘மளிகை 6,175’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். மாதக் கடைசியில் ‘நாலு பேர் சாப்பிட இத்தனையா?’ என்று என்னைக் கேட்கிறார். அந்த பில்லுக்குள் சோப்பு, துணி துவைக்கும் பவுடர், பையனின் நோட்டு, ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் எல்லாம் இருக்கின்றன. போதாக்குறைக்கு மொத்த பில்லுக்கும் 325 ரூபாய் தள்ளுபடி. இதை எப்படிப் பிரிப்பது?
– வாசகி, பெருந்துறை

பதில்: அம்மணி, பில்லின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. தள்ளுபடிக்கு முன்னால் சாப்பாட்டுச் சாமான் 3,900, சோப்பு, பவுடர், பினாயில் வகையறா 1,100, நோட்டும் ஜாமென்ட்ரி பாக்ஸும் 620, டிபன் கேரியர் 880. ஆக 6,500. அதில் 325 போனால் 6,175.

மண்டிக்கு ஒரு வண்டி மஞ்சள் வந்தால் அதில் விரலியும் இருக்கும், கிழங்கும் இருக்கும். இரண்டுக்கும் விலை வேறு. ஆனால் லாரி வாடகையும் இறக்குகூலியும் ஒன்றாகத்தான் வரும். அதை இரண்டின் மேலும் எடைப்படி பிரித்து ஏற்றுவோம். உங்கள் 325 ரூபாயும் அப்படித்தான், எடைக்குப் பதில் இங்கே விலை. தள்ளுபடி மொத்தத்தில் சரியாக 5 சதவீதம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து கழித்தால் சோப்பு வகை 1,045, பள்ளி 589, டிபன் கேரியர் 836. இந்த மூன்றையும் முதலில் எழுதுங்கள். கூட்டினால் 2,470. கொடுத்த பணம் 6,175-இல் இதைக் கழித்தால் 3,705. அதுதான் மளிகை.

பெரிய தலைப்பைக் கடைசியில் கழித்துத்தான் எடுக்க வேண்டும். எல்லா பில்லிலும் தள்ளுபடி இப்படி அழகாக 5 சதவீதமாக வந்து நிற்காது. 4.37, 6.12 என்று வரும். சின்னத் தலைப்புகளை முழு ரூபாயாக்கி எழுதிவிட்டு, மீதியைப் பெரியதன் தலையில் போட்டுவிட்டால் காசு பைசாக் குழப்பம் அதிலேயே கரைந்துவிடும். கூட்டுத்தொகை மட்டும் கையை விட்டுப் போன பணத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், ஒரு ரூபாய் கூட ஏறவோ இறங்கவோ கூடாது. சாமான் போட்டு வரும் பைக்குக் கொடுத்த பத்து ரூபாயும் மளிகையோடு போகட்டும், அதற்கொரு தலைப்பு வேண்டாம்.

‘மூன்று சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம்’ போன்ற சலுகையை எல்லாவற்றுக்கும் பங்கு போடாதீர்கள். அது சோப்புக்கு வந்தது, சோப்பிலேயே கழியட்டும். மொத்த பில்லுக்குக் கிடைத்த தள்ளுபடி மட்டும்தான் எல்லாருக்கும் பொது.

வரியைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். பில்லுக்கு அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கட்டம் போட்டு ஒரு தொகை இருக்கிறதே, அது எம்ஆர்பிக்குள்ளேயே அடங்கியது. அதை மறுபடி எடுத்துக் கூட்ட வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின, பள்ளி நோட்டுக்கு வரியே இல்லை என்றானது. ஆனால் அந்தக் கணக்கு கடைக்காரரோடது. நமக்கு அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. ஹார்டுவேர் கடை, எலக்ட்ரிகல் கடையில் சில இடங்களில் சாமான் விலையைப் போட்டுவிட்டுக் கடைசியில் வரியை ஏற்றுவார்கள். அங்கே மட்டும் அந்தந்தச் சாமானுக்கு அதனதன் வரியைச் சேர்த்துக்கொண்டு பிரியுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். அவர் கேட்டதற்குப் பதில் அந்த டிபன் கேரியரில் இருக்கிறது. அரிசியும் பருப்பும் அடுத்த மாதமும் வரும், கேரியர் வராது. ஜூன் மாதத்து நோட்டுச் செலவு ஜூலையில் இந்த அளவு இருக்காது. மாதா மாதம் வருவதையும் எப்போதோ வருவதையும் ஒரே வரியில் போட்டால், மளிகை ஏறிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். 3,705-ஐக் காட்டுங்கள். அதுவும் அதிகம் என்று சொன்னால், அடுத்த மாதம் பில் போட அவரையே கடைக்கு அனுப்பிவிடுங்கள், சரியா?

கேள்வி: எத்தனை தலைப்பு வைக்கலாம்? நான் காய்கறி, பழம், கீரை, பால், தயிர் என்று இருபத்திரண்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பில்லைப் பிரிப்பதிலேயே போய்விடுகிறது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, கீரைக்குத் தனிக் கணக்கு வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? கீரைச் செலவு கூடிவிட்டது என்று தெரிந்தால் கீரையை நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் அது காய்கறியோடேயே இருக்கட்டும்.

ஒரு தலைப்பைப் பிரிக்கும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: இந்த எண் தனியாகத் தெரிந்தால் அடுத்த மாதம் நான் எதையாவது மாற்றிச் செய்வேனா? மாற்றுவேன் என்றால் பிரிக்கலாம். நொறுக்குத் தீனியை மளிகையிலிருந்து பிரித்துப் பார்த்த வீடுகளில் நிப்பட்டுக்கும் சிப்ஸுக்கும் போகிற காசு தெரிந்ததும் உடனே கை இறுகியதைப் பார்த்திருக்கிறேன். உப்பைப் பிரித்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாப்பாடு, வீட்டுச் சாமான், பள்ளி, வைத்தியம், போக்குவரத்து, துணிமணி, உறவு என்று ஏழெட்டோடு நிறுத்துங்கள். பில்லில் நூறு ரூபாய்க்குள் அடங்கும் சில்லறைச் சாமானைப் பிரிக்கவே வேண்டாம், பெரியதோடு சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைக்கிற வேலையைப் பாருங்கள்.

கேள்வி: நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். சீருக்காக ஈரோடு போய் ஜவுளி எடுத்தோம். நாத்தனாருக்குப் பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. அதே பில்லில் எனக்கும் ஒரு சேலை, பையனுக்கு இரண்டு பேன்ட். மொத்தம் 18,400. கடையில் ஒரு பெட்ஷீட் இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தைக்குத் தோடு தனியாக நகைக்கடையில் எடுத்தோம், அதே பில்லில் எனக்கும் ஒரு ஜோடி. எல்லாவற்றையும் ‘காதுகுத்துச் செலவு’ என்று எழுதிவிட்டார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– வாசகி, தாராபுரம்

பதில்: கண்ணு, மனசு ஒப்பாதது நியாயம்தான். ஆனால் முதலில் மாமியார் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விசேஷத்துக்கு மொத்தமாக என்ன ஆனது என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அந்த எண் கைகொடுக்கும். அதனால் அவர் எழுதிய தலைப்பை அழிக்காதீர்கள். உங்கள் சேலையையும் பையன் பேன்டையும் மட்டும் அதிலிருந்து எடுத்து ‘துணிமணி’யில் போட்டுவிடுங்கள். காதுகுத்து இல்லாவிட்டாலும் தீபாவளிக்கோ பள்ளி திறப்புக்கோ அந்தப் பேன்டுகளை எடுத்துத்தான் இருப்பீர்கள்.

‘அந்தச் சேலையைக் காதுகுத்துக்குத்தானே உடுத்தினாய்’ என்று மாமியார் வாதாடலாம். உடுத்தியது எங்கே என்று பார்த்தால் பிரிக்கவே முடியாது. அந்தச் சேலை இப்போது யார் பீரோவில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பீரோவில் இருந்தால் உங்கள் துணிமணி.

பெட்ஷீட்டுக்குக் காசு கொடுக்கவில்லை, அதனால் நோட்டில் ஒன்றும் எழுத வேண்டாம். அதற்கொரு விலை போட்டு மற்றதில் கழிக்கிற வேலையும் வேண்டாம்.

நகை பில்தான் சுவாரஸ்யமானது. குழந்தைக்கு எடுத்த தோடு முழுக்க சீர், செய்கூலி வரி எல்லாம் சேர்த்து அப்படியே காதுகுத்தில் போகட்டும். உங்களுக்கு எடுத்த ஜோடியில் ஒரு பகுதி செலவு, ஒரு பகுதி சேமிப்பு. நீங்கள் அனுப்பிய விவரப்படி தங்கத்தின் விலை 40,000, சேதாரமும் செய்கூலியும் 5,000. இரண்டும் சேர்ந்த 45,000-க்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், 1,350. ஆக 46,350. நாளைக்கு அதை விற்கப் போனால் எடையைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். சேதாரத்துக்கும் கூலிக்கும் வரிக்கும் கொடுத்தது திரும்பாது. அதனால் 40,000-ஐச் சேமிப்பில் எழுதுங்கள், 6,350-ஐச் செலவில். ‘நகை வாங்கினால் காசு எங்கும் போகாது’ என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். 6,350 போயிருக்கிறது கண்ணு, அது நோட்டில் தெரியட்டும். கல் வைத்த தோடு என்றால் கல்லுக்குக் கொடுத்ததையும் செலவோடேயே சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: ‘அவர் பக்கத்து உறவு, என் பக்கத்து உறவு என்று இரண்டு தலைப்பு வைக்கலாமா?’ வைக்காதீர்கள். கணக்கு நன்றாகத்தான் வரும், வீட்டில்தான் சண்டை வரும். ‘உறவு’ என்று ஒன்று போதும். மொய் எழுதியது மட்டும் அதில் தனி வரியாக இருக்கட்டும். சீர் போனால் போனதுதான். மொய்யை நம் விசேஷத்தில் அவர்கள் திருப்பிச் செய்வார்கள், அப்போது பழைய நோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: நிலக்கடலைப் பருப்பு 20 கிலோ வாங்கிச் செக்கில் ஆட்டினோம். பருப்பு கிலோ 130 வீதம் 2,600, ஆட்டுகூலி 200. எட்டு லிட்டர் எண்ணெய் வந்தது. 12 கிலோ புண்ணாக்கு எருமைக்குப் போட்டோம். கடை எண்ணெயை விட இது கட்டுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் எண்ணெய் சமையல் செலவு, புண்ணாக்கு மாட்டுச் செலவு. எப்படிப் பிரிப்பது?
– விவசாயி, காங்கேயம்

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. கடையில் வாங்கும்போது இரண்டு சாமானுக்கு இரண்டு விலை இருக்கிறது. இங்கே விலை ஒன்று, வெளியே வருவது இரண்டு.

எடைப்படி பிரித்தால் தப்பாகப் போய்விடும். எட்டு லிட்டர் எண்ணெய் ஏழே கால் கிலோ சுமார்தான் இருக்கும், புண்ணாக்கு 12 கிலோ. எடையைப் பார்த்தால் செலவில் பெரும்பங்கு புண்ணாக்கின் தலையில் விழும். புண்ணாக்குக்காகவா நீங்கள் கடலையை ஆட்டினீர்கள்? எண்ணெய்க்காக ஆட்டினீர்கள், புண்ணாக்கு கூடவே வந்தது. இந்த மாதிரி இடத்தில் கூட வந்ததற்குச் சந்தை விலையைப் போட்டு மொத்தத்தில் கழித்துவிட வேண்டும். மீதி, எதற்காக வாங்கினோமோ அதன் விலை.

உங்கள் ஊர்க் கடையில் கடலைப் புண்ணாக்கு கிலோ 50 என்று எழுதியிருக்கிறீர்கள். 12 கிலோவுக்கு 600. இது மாட்டுக் கணக்கு. மொத்தச் செலவு 2,800-இல் 600 போனால் 2,200. எட்டு லிட்டருக்கு லிட்டர் 275 ரூபாய். இதைக் கடைச் செக்கெண்ணெய் விலையோடு வைத்துப் பாருங்கள். பாக்கெட் ரீபைண்டு எண்ணெயோடு ஒப்பிட்டால் மலைப்பாகத்தான் இருக்கும், அது வேறு சரக்கு. எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விட்டு, அடியில் நிற்கும் கசண்டு போக அளந்தீர்களா என்று எழுதவில்லை. தெளிந்த பிறகு ஏழே முக்கால்தான் தேறியது என்றால் 2,200-ஐ அதால் வகுக்க வேண்டும். லிட்டருக்கு 284 பக்கம் வந்துவிடும்.

அந்த 600-ஐ மாட்டுக் கணக்கில் மறக்காமல் எழுதுங்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறீர்கள் என்றால் வரவு அங்கிருந்து ரொக்கமாக வருகிறது. தீனி மட்டும் சமையலறைக் கணக்கில் ஒளிந்துகொண்டால், எருமை வாரி வாரிக் கொடுப்பது போலத் தோன்றும். வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பாலையும் சொசைட்டி விலைக்குப் போட்டு மாட்டுக் கணக்கில் வரவும் சாப்பாட்டில் செலவும் எழுதினால்தான் இன்னொரு எருமை பிடிக்கலாமா வேண்டாமா என்பதற்கு நேரான பதில் கிடைக்கும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். சனிக்கிழமை வாரச் சம்பளம். ஆனால் வாடகை, 26 கிலோ அரிசி மூட்டை எல்லாம் மாதம் ஒரு தடவை. அந்த வாரம் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு செலவை நாலு வாரத்துக்கும் பிரிக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாகப் பிரிக்கலாம். மற்றவர்கள் ஒரு பில்லைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கிறார்கள், நீங்கள் வாரவாரியாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். மூட்டை 1,560 என்றால் சனிக்கிழமைதோறும் 390 ரூபாயை ஒரு கவரில் எடுத்து வையுங்கள். வாடகைக்கு இன்னொரு கவர். மூட்டை வாங்கிய அன்றைக்குக் கவர் காலியாகும், அந்த வாரச் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருக்காது. முதல் மாதம் மட்டும் சிரமம், ஏனென்றால் சேர்த்து வைத்தது இருக்காது. ஒரு விசேஷ போனஸிலோ ஓவர்டைம் காசிலோ ஆரம்பித்துவிடுங்கள்.

மாதச் செலவை எப்போதும் நாலால் வகுங்கள். சில மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வருகிறதே என்று கேட்பீர்கள். 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நான்குக்கும் ஐந்து சனிக்கிழமை. அந்த ஐந்தாவது வாரத்தில் வாடகைக்கும் அரிசிக்கும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை வண்டி இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கழுத்தைப் பிடிக்கிற செலவுக்கு ஒதுக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லையும் இதேபோல எட்டால் வகுத்துக்கொள்ளலாம்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் இல்லை. அதனால்தான் ஒரு கிலோ கூடியது.

கேள்வி: செல்போனில் கணக்கு எழுதுகிறேன். ஜிபே செய்தால் ஆப் தானாகவே கடைப் பெயரைப் பார்த்து ‘குரோசரி’ என்று மொத்தத்தையும் போட்டுவிடுகிறது. இதைப் பிரிக்க வழி உண்டா? இன்னொன்று: வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்ததில் 799 ரூபாய் திரும்ப வந்தது. அதை வரவாக எழுதலாமா?
– ஐடி ஊழியர், கோவை

பதில்: ஆப்புக்குக் கடைப் பெயரும் தொகையும்தான் தெரியும், கூடைக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. பல ஆப்களில் ‘ஸ்பிளிட்’ என்று ஒரு வசதி இருக்கும், அந்தச் செலவைத் திறந்து பிரித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் எழுதுவதாக இருந்தால் க்னூகேஷ் என்ற இலவச மென்பொருள் இதைச் சுத்தமாகச் செய்கிறது. ஒரு பில்லுக்கு எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம். கூட்டல் இடித்தால், இடிக்கிற தொகையை ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கில் தூக்கிப் போட்டு நம் கண்ணில் படும்படி வைத்துவிடும். மண்டியில் அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டைக்கும் பேரேட்டுக்கும் இடித்தால் முதலாளி வீட்டுக்கு விட மாட்டார், இது கொஞ்சம் இரக்கமுள்ளது.

799 ரூபாய் வரவு கிடையாது தம்பி. சம்பளம் ஏறவில்லையே. சட்டையை எந்தத் தலைப்பில் எழுதினீர்களோ அதே தலைப்பில் கழியுங்கள். போன மாதம் வாங்கி இந்த மாதம் திருப்பினால் இந்த மாதத் துணிமணியில் 799 குறைவாகத் தெரியும், தெரியட்டும். வாங்கும்போது மொத்த பில்லுக்குத் தள்ளுபடி இருந்திருந்தால் சட்டையின் லேபிள் விலை திரும்ப வராது, தள்ளுபடி போகத்தான் வரும். வந்த தொகையைத்தான் எழுத வேண்டும், லேபிளில் இருந்ததை எழுதாதீர்கள்.

கேள்வி: பிரித்து எழுதலாம் என்று மாதக் கடைசியில் பில்களை எடுத்தால் பாதி வெள்ளையாகிக் கிடக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அது சூடு பட்டால் எழுத்து வருகிற தாள். வெயிலிலோ எண்ணெய்க் கை பட்டோ எழுத்து மங்கிவிடும், ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கடையை விட்டு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது கடையிலேயே, பில் போடுகிற இடத்தில், சாப்பாட்டுச் சாமானை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமுமாக வைத்து இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் ‘ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி’ என்று போர்டு தொங்கினால் மட்டும் இரண்டாகப் பிரிக்காதீர்கள்.